‘ஜுப்பா’ என்னும் அரபுச் சொல்

தமிழ் வழங்கும் ஊர்களில் ‘ஜுப்பா’ என்றும் ‘ஜிப்பா’ என்றும் இரு சொற்கள் வழங்கக் கேட்கின்றோம். முன்னது, பள்ளிவாசல் இமாமும் அரபுக் கல்லூரியில் ஓதித் தேர்ந்த ஆலிமும் தம் பிற உடைகளுக்குமேல் அணியும் நெடிய அங்கியைக் குறிக்கும். பின்னது, கழுத்துப்பட்டை இன்றித் தலைவழியே மாட்டிக்கொள்ளும் தளர்ந்த நீண்ட சட்டையைக் குறிக்கும். கதராடை பரவிய காலத்தில் தேசத் தொண்டரும் புலவரும் இசைவாணரும் விரும்பி அணிந்தது இஃது. அணிவோரும் வேறு, அணியும் இடமும் வேறு, தைக்கும் முறையும் வேறு. ஆகலின் இவை இரண்டும் தொடர்பில்லாத இரு சொற்கள் எனக் கருதுவார் உளர். ‘ஜிப்பா’ வடநாட்டிலிருந்து வந்த சொல் என்று மட்டும் கூறி அமைவாரும் உளர். இரண்டும் ஒரே அரபுச் சொல்லின் இரு வடிவங்களே என்பதும், இவற்றிடையே காணப்படும் பொருள் வேறுபாடு தமிழில் மட்டும் நேர்ந்ததொன்றன்று என்பதும், அச்சொல் சென்ற நாடெங்கும் இத்தகைய மாற்றத்திற்கு உட்பட்டே வந்துள்ளது என்பதும் யாம் ஈண்டுக் காட்டப் புகும் செய்திகளாம்.

அரபு மொழியில் சொற்கள் பெரும்பாலும் மூன்று மெய்களாலாகிய வேரிலிருந்து கிளைப்பன. ‘ஜுப்பா’வின் வேர் ஜீம், பா, பா என்னும் மூன்றாம். இவ்வேர்க்கு அரபு அகராதியார் கூறும் முதற்பொருள் ‘வெட்டுதல், அறுத்தல்’ என்பது. திமில் அறுக்கப்பட்ட ஒட்டகம் ‘அஜப்பு’ எனப்படும். ஆண்மையுறுப்பு அறுக்கப்பட்டவன் ‘மஜ்பூபு’ எனப்படுவான்; மணவிலக்குப் பற்றிய இசுலாமியச் சட்ட நூல்களில் இச்சொல் பயின்று வரும். ஒருவன் இசுலாத்தைத் தழுவுங்கால் அவனுடைய முன்னைய பிழைகள் அறுபட்டுப்போகும் என்னும் கருத்துடைய நபிமொழியிலும் இவ்வேரின் வினையே ஆளப்பட்டுள்ளது. கிணற்றிற்கு ‘ஜுப்பு’ என்று ஒரு பெயர் உண்டு. யூசுபு நபியை அவருடைய உடன்பிறந்தார் தள்ளிய பாழ்ங்கிணற்றைக் குறிக்கத் திருக்குர்ஆன் 12ஆம் அத்தியாயத்தில் இருமுறை வருவது இப்பெயரே. கற்களால் கட்டப்படாமல் நிலத்தை வெட்டியெடுத்த அளவில் நிற்கும் கிணறு இஃதென்று உரையாசிரியர் விளக்குவர். எனவே, வெட்டப்பட்டது என்பதே அப்பெயர்க்குக் காரணமாயிற்று.

கிணற்றிற்கு ஒத்த இக்காரணம் ஆடைக்கும் ஒக்குமோ எனின், ஒக்கும் என்பதே அரபு அகராதியார் துணிபு. கி.பி. 1311இல் மறைந்த இப்னு மன்ழூர் தொகுத்த ‘லிஸானுல் அரபு’ என்னும் பேரகராதி, ஜுப்பாவை ‘முகத்தஆத்து’ வகையைச் சார்ந்த ஓர் உடை என்று கூறுகின்றது. முகத்தஆத்து என்றால் ‘வெட்டப்பட்டவை’ என்பது பொருள். துணியை உடலின் அளவிற்கேற்பப் பல துண்டுகளாக வெட்டி, அவற்றை இணைத்துத் தைத்த உடைகளை அரபியர் இப்பெயரால் வழங்கினர். சட்டை, ஜுப்பா, காற்சட்டை முதலியன இவ்வகையின. இடையில் சுற்றும் ‘இஸார்’, தோளில் போர்க்கும் ‘ரிதா’ ஆகியவை இவ்வகையைச் சாரா. அவை தறியிலிருந்து வந்தவாறே உடுக்கப்படுவன. அரபு நாட்டு உடைகளையெல்லாம் இங்ஙனம் வெட்டியவை என்றும் வெட்டாதவை என்றும் இருகூறாகப் பகுத்த பகுப்பே ‘ஜுப்பா’ என்னும் பெயரை விளக்கும் திறவுகோல் என யாம் கருதுகின்றோம். ஏனைய விளக்கங்கள் இதற்குப் பிற்பட்டனவே.

தமிழறிந்தார்க்கு இவ்விடத்தில் நம் மொழியின் ஆடைப்பெயர்கள் சில நினைவுக்கு வருதல் இயல்பு. துணி என்னும் சொல் ‘வெட்டு’ எனப் பொருள்படும் ‘துணி’ என்னும் வினையடியாகப் பிறந்தது. துண்டு என்பதும் அத்தகையதே. சங்க காலத்தில் ஆடைக்கு வழங்கிய ‘அறுவை’ என்னும் பெயர் ‘அறு’ என்னும் வினையினின்றும் வந்தது. ஆடை வணிகம் செய்த புலவர் ஒருவர் மதுரை அறுவை வாணிகன் இளவேட்டனார் என்றே பெயர் பெற்றுள்ளார். கூறை என்பதனையும் ‘கூறு’ என்பதனோடு தொடர்புறுத்துவர். அரபியரும் தமிழரும் ஆடைக்கு வெட்டுதற் பொருள் தரும் வேரிலிருந்தே பெயர் கண்டனர் என்பது வியக்கத்தக்க ஒப்புமையே. ஆனால் இவ்வொப்புமையைக் கொண்டு இருமொழிக்கும் உறவு கூறப் புகுவது பொருந்தாது. ஏனெனில் இரண்டு வெட்டும் ஒன்றல்ல. அறுவையும் துணியும் தறியில் நீளமாக நெய்யப்பட்ட பாவிலிருந்து இத்துணை முழம் என்று அறுத்தெடுக்கப்பட்டவை. அறுத்தபின் அவற்றிற்குத் தையல் தேவையில்லை. உடுத்துவோன் உடலே அவற்றிற்கு வடிவு தரும். அரபியர் கூறும் வெட்டோ தையற்காரனின் வெட்டு. கையும் கழுத்தும் மார்பும் தனித்தனியாக வெட்டப்பட்டு ஒன்றாக்கப்பட்ட உடைக்கே அது பெயராயிற்று. அரபியரின் பகுப்பில் நம் அறுவையை வைப்பின் அது வெட்டாதவற்றோடு, இஸார், ரிதா என்பவற்றோடு, சேரும்.

தொழிற்பெயர்களிலும் இவ்வேறுபாடு தோன்றக் காணலாம். ஆங்கிலத்தில் ‘டெய்லர்’ என்பதும் செருமானியத்தில் ‘ஷ்னைடர்’ என்பதும் வெட்டுபவன் என்னும் பொருளன. தமிழில் தையற்காரன் என்றும் அரபில் நூலின் பெயரடியாகக் ‘கய்யாத்து’ என்றும் வழங்குவன தைப்பவன் என்னும் பொருளன. கத்தரிக்கோலால் பெயர் பெற்றவரும் ஊசியால் பெயர் பெற்றவரும் செய்வது ஒரே தொழில்தான்.

நிற்க. ஜுப்பா என்னும் சொற்கு அகராதிகள் ஆடையன்றி வேறு பொருள்களும் தருகின்றன. போர்க்கவசத்திற்கும் அது பெயர். ஈட்டியின் இரும்புமுனையில் மரக்காம்பு நுழையும் குழைக்கும் அது பெயர். கண் அமைந்திருக்கும் எலும்புக்குழிக்கும் அது பெயர் என்பர். இவற்றை நோக்குவார்க்கு வேறோர் எண்ணம் தோன்றுதல் கூடும். கிணறும், ஈட்டிக்குழையும், கண்குழியும் உள்ளே வெறுமையாய்ப் பிறிதொன்றைத் தன்னுள் ஏற்பவை. கவசமும் அங்கியும் உடலைத் தம்முள் ஏற்பவை. ஆகவே ‘உட்புழை உடையது’ என்பதே இச்சொல்லின் அடிப்படைப் பொருளாகலாம் அன்றோ எனின், அது அழகிய கருத்தே. போர்வை உடலைச் சுற்றும். அங்கியினுள் உடல் புகும். இவ்வேறுபாட்டை அக்கருத்து நன்கு உணர்த்துகின்றது. ஆயினும் இவ்வேரின் வினைகளில் ‘புழையாதல்’ என்னும் பொருள் காணப்படவில்லை. அறுத்தல் என்பதே பரந்து காணப்படுகின்றது. எனவே வெட்டுதலை முதற்பொருளாகவும், வெட்டுவதால் உண்டாகும் புழையை அதன் வழிப்பொருளாகவும் கொள்வதே தக்கது. அங்கி இவ்விரு பொருளும் ஒருங்கே வாய்ந்தது.

இனி, பெயர் அரபுப் பெயரேயாயினும் அப்பெயர் பெற்ற உடை அரபு நாட்டிலேயே தோன்றியதோ என்பது வினா. இதற்கு விடை நபிமொழித் தொகுப்புகளில் கிடைக்கின்றது. தபூக்குப் படையெடுப்பின்போது, அதாவது கி.பி. 630இல், நிகழ்ந்த ஒரு செய்தியை முகீரா இப்னு ஷுஅபா என்பார் வாயிலாகப் புகாரியார் பதிவு செய்துள்ளார். நபிகள் நாயகம் தொழுகைக்காகக் கைகால் கழுவ முற்பட்டார். அப்பொழுது அவர் அணிந்திருந்தது ‘ஷாமிய’ ஜுப்பா, அதாவது சிரிய நாட்டு ஜுப்பா. அதன் கைகள் மிகக் குறுகியனவாய் இருந்தமையால் மேலே சுருட்ட இயலாமல், தம் கைகளை உடையின் கீழ்ப்புறமாக வெளியே எடுத்துக் கழுவினார் என்பது அச்செய்தி. திர்மிதியார் தொகுப்பில் இதே உடை ‘ரூமிய’ ஜுப்பா எனப்படுகின்றது. ரூம் என்பது கிழக்கு உரோமப் பேரரசு. சிரியா அக்காலத்தில் அப்பேரரசின் பகுதியாய் இருந்தமையின் இரு கூற்றும் முரண்படா. முஸ்லிம் என்பாரின் தொகுப்பிலோ, அபூபக்கரின் மகளார் அஸ்மா தம்மிடம் இருந்த நபிகளாரின் ஜுப்பா ஒன்றை எடுத்துக்காட்டிய செய்தி உள்ளது. கழுத்துப் பகுதியிலும் விளிம்புகளிலும் பட்டு வைத்துத் தைக்கப்பெற்ற அது ‘கிஸ்ரவானிய’ ஜுப்பா எனப்படுகின்றது. கிஸ்ரா என்பது பாரசீக மன்னர்க்கு அரபியர் இட்ட பெயர்.

சிரியம், உரோமம், பாரசீகம் என்று ஜுப்பாவிற்கு அடைகொடுக்கப்படும் இவ்விடங்களை நோக்கின், வெட்டித் தைத்த சிறந்த அங்கிகள் அண்டைப் பேரரசுகளிலிருந்தே அரபு நாட்டிற்கு வந்தன என்பது பெறப்படும். பெயரை மட்டும் அரபியர் தம் மொழியிலேயே அமைத்துக்கொண்டனர். குறுகிய கைகளால் நேர்ந்த அச்சிறு இடர்ப்பாடும் கருதத்தக்கது. குளிர்நாட்டில் உடலை ஒட்டித் தைத்த உடையின் வெட்டு, ஒரு நாளில் ஐம்முறை முழங்கைவரை கழுவும் வழக்கமுடைய மக்களுக்கு இசையவில்லை. பிற்கால ஜுப்பாவின் கைகள் அகன்றமைக்கு இதுவும் ஒரு காரணமாகலாம் என்பது எம் கருத்து.

வெட்டிய உடை, வெட்டா உடை என்னும் பகுப்பு வெறும் அகராதிப் பகுப்பன்று என்பதற்கு மற்றொரு நிகழ்ச்சி சான்றாகும். ஜிஅரானா என்னுமிடத்தில் நபிகளார் தங்கியிருந்தபோது, மணப்பொருள் பூசிய ஜுப்பா அணிந்த ஒருவர் வந்து, உம்ரா என்னும் வழிபாட்டை எவ்வாறு நிறைவேற்றுவது என வினவினார். மணப்பொருளைக் கழுவுமாறும் ஜுப்பாவைக் களையுமாறும் அவர்க்கு விடை கிடைத்தது. இதனையும் இதையொத்த பிறவற்றையும் அடிப்படையாகக் கொண்டே, ஹஜ்ஜும் உம்ராவும் செய்யும் ஆடவர் உடலளவிற்குத் தைத்த உடை அணிதல் கூடாது, வெட்டாத இரு துணிகளையே இஸாராகவும் ரிதாவாகவும் கொள்ளுதல் வேண்டும் என்னும் விதி அமைந்தது. அரசனும் அடிமையும் அங்கு ஒரே கோலத்தினர். ஒருவனுடைய நாடும் தொழிலும் செல்வமும் அவன் உடையின் வெட்டிலேயே புலப்படுவன ஆதலின், அவ்வெட்டு இல்லாதவழி அவையும் புலப்படா. ஒரு மார்க்கக் கடமையின் நிறைவு ஒரு தையலைப் பொறுத்து நிற்கும் இடத்தில், ‘ஜுப்பா’ என்பதன் சொற்பொருளை ஐயமற அறிதல் சட்ட அறிஞர்க்கு இன்றியமையாததாயிற்று. அகராதியார் இச்சொல்லை இத்துணை நுணுகி ஆராய்ந்தமைக்கு இதுவும் காரணம் என்க.

கமீஸ் என்னும் சொல்லை ஈண்டு ஒரு சிறிது ஒப்பிட்டு மேற்செல்வோம். யூசுபு அத்தியாயத்தில் கிணற்றின் பெயராக ஜுப்பு வருவதுபோல, சட்டையின் பெயராகக் கமீஸ் அதே அத்தியாயத்தில் ஆறுமுறை வருகின்றது. குருதி தோய்ந்த சட்டையும், பின்புறம் கிழிந்த சட்டையும், தந்தையின் கண்ணொளியை மீட்ட சட்டையும் அக்கதையின் மூன்று திருப்பங்கள். திருக்குர்ஆனில் இடம்பெற்ற இச்சொல் அரபு வேருடையதன்று. பிற்கால இலத்தீனின் ‘கமிஸியா’ என்பதனோடு தொடர்புடையது என்பது மொழிநூலார் முடிபு. ஜுப்பாவோ அரபு வேருடையது. ஆயினும் திருக்குர்ஆனில் அச்சொல் இல்லை. ஒரு நூலில் இடம்பெற்றமை ஒன்றையே கொண்டு ஒரு சொல்லின் பிறப்பை முடிவு செய்தல் இயலாது என்பதற்கு இவ்விரண்டும் நல்ல சான்று.

இசுலாமிய நாகரிகம் பரந்த காலத்தில் ஜுப்பா கற்றோரின் உடையாயிற்று. சூஃபியரிடையே அது மற்றொரு பொருளும் பெற்றது. ‘என் ஜுப்பாவினுள் இறைவனையன்றி வேறெதுவும் இல்லை’ என்னும் கருத்துடைய கூற்று ஒன்று கி.பி. 922இல் பகுதாதில் கொல்லப்பட்ட ஹல்லாஜின் பெயரால் வழங்குகின்றது. அதனைப் பாயஸீது பிஸ்தாமியின் கூற்றென்பாரும் உளர். யார் கூறியதாயினும், அங்கே ஜுப்பா என்பது துணியன்று, உடலே. உடலை உயிர் அணிந்த சட்டையாகக் கூறுதல் நம் சித்தர் மரபிற்கும் புதிதன்று. பாம்பு உரிக்கும் தோலையும் நாம் சட்டை என்றே சொல்லுகின்றோம். இத்தகைய கூற்றுகள் உயிர்க்கே இடர் விளைத்த காலம் அது என்பதனையும் மறத்தலாகாது.

அரபு உடைப்பெயர்களை முறையாக ஆராய்ந்த ஐரோப்பியர்களுள் தலைசிறந்தவர் ஒல்லாந்து நாட்டு இலைடன் நகரத்து அறிஞர் ரைன்ஹார்ட் டோசி ஆவர். அவர் பிரெஞ்சு மொழியில் எழுதிய அரபு உடைப்பெயர் அகராதி 1845இல் ஆம்ஸ்டர்டாமில் வெளிவந்தது. ஒரே பெயர் எகிப்தில் ஒருவகை உடையையும் மொரோக்கோவில் மற்றொரு வகை உடையையும் குறிக்கும் என்பதனைப் பயணநூல்களையும் வரலாற்று நூல்களையும் கொண்டு நிறுவியது அந்நூலின் அருஞ்செயல். அதற்கு ஒன்பது ஆண்டுகள் முன்னர், 1836இல், எகிப்தியரின் பழக்கவழக்கங்களை விரித்தெழுதிய எட்வர்டு இலேன், கெய்ரோ நகரத்து நடுத்தர, உயர்தர ஆடவர் கப்தான் என்னும் உடையின்மேல் அணிந்த ஜுப்பாவை, அதன் கைகள் மணிக்கட்டை முற்ற எட்டுவதில்லை என்பது உட்பட விளக்கியுள்ளார். அவர் அதனை எழுதியது எகிப்தியர் ஒலித்தவாறு, ‘கிப்பெ’ என்று. ஜகரத்தைக் ககரமாகவும் உகரத்தை இகரமாகவும் ஒலிப்பது கெய்ரோ வழக்கு.

இனி, இச்சொல் ஐரோப்பாவிற்குச் சென்ற வழியைக் காண்போம். இதுவே அதன் வரலாற்றில் மிகவும் சுவை பயக்கும் பகுதி. சிசிலித் தீவு கி.பி. 827 முதல் அரபியரால் படிப்படியாக வெல்லப்பட்டு, 1091இல் முற்றிலும் நார்மானியர் ஆட்சிக்கு உட்பட்டது. ஆட்சி மாறியும் அரபு நெசவாளரும் தையற்காரரும் அங்கேயே இருந்தனர். இரண்டாம் ரோஜர் என்னும் கிறித்தவ மன்னனுக்காகப் பலெர்மோ நகரின் அரண்மனைத் தொழிற்கூடத்தில் ஆக்கப்பட்ட போர்வையின் விளிம்பில், ஹிஜ்ரி 528 என்னும் ஆண்டு அரபு எழுத்தில் பொறிக்கப்பட்டுள்ளது. அப்போர்வை இன்றும் வியன்னாவில் உள்ளது. இத்தகைய சூழலும் இத்தாலிய நகரங்களின் கீழைக்கடல் வணிகமும் ‘ஜுப்பா’வை இத்தாலிய மொழியில் சேர்த்தன. இத்தாலியில் அது மேற்சட்டையாயிற்று. 1892இல் அரங்கேறிய லியோன்கவாலோவின் ‘பாலியாச்சி’ என்னும் இசைநாடகத்தில், மனைவியின் வஞ்சம் அறிந்து நெஞ்சுடைந்த கோமாளி, தான் சிரிப்பூட்ட அணியவேண்டிய ஜுப்பாவைக் குறித்தே அழுது பாடுகின்றான். இன்றைய இத்தாலியில் துப்பாக்கிக் குண்டு துளைக்காத மேற்சட்டைக்கும் இச்சொல்லின் வழிவந்த பெயரே வழங்குகின்றது. பழைய அரபில் ஜுப்பாவிற்கு இருந்த கவசப்பொருள் தற்செயலாக மீண்டும் வந்து பொருந்தியமை காண்க.

பிரான்சில் இச்சொல் 12ஆம் நூற்றாண்டிலேயே ‘ஜூப்’ என்னும் வடிவில் புகுந்தது. பகரம் அங்கு வல்லோசை பெற்றது. முதலில் மார்பை மூடும் அங்கியாய் இருந்த அது, நாளடைவில் கீழே இறங்கி, 17ஆம் நூற்றாண்டில் பெண்கள் இடைக்குக் கீழ் அணியும் பாவாடைக்குப் பெயராயிற்று. நீண்ட அங்கி ஒன்றை இடையில் வெட்டி மேற்பாதி வேறு, கீழ்ப்பாதி வேறு ஆக்கும் தையல்முறை பரவியபோது, பெயர் கீழ்ப்பாதியோடு தங்கிவிட்டது. ஆடவரின் மேலாடைப் பெயர் பெண்டிரின் கீழாடைப் பெயராக முடிந்த இம்மாற்றத்தை அறியாதார், இரு சொற்களும் ஒன்றென்பதை எங்ஙனம் ஒப்புவர்? உடையை மட்டும் ஒப்பிட்டுச் சொல்லை ஆராய்வார்க்கு நேரும் இடர்ப்பாடு இது.

ஸ்பானியர் அரபியரோடு ஒரே மண்ணில் வாழ்ந்தவர் ஆதலின் ‘அல்’ என்னும் அரபுச் சுட்டையும் சேர்த்தே ‘அல்ஜுபா’ என்று ஏற்றனர். செருமானியரிடம் இத்தாலி வழியாகச் சென்ற சொல் இரண்டாகப் பிரிந்தது. ஒன்று ‘யோப்பெ’ என்னும் குறுஞ்சட்டை. மற்றொன்று ‘ஷௌபெ’ என்னும், மென்மயிர்த்தோல் வைத்துத் தைத்த அகன்ற மேலங்கி. 15, 16ஆம் நூற்றாண்டுகளில் அந்நாட்டுக் கற்றோரும் நகரமாந்தரும் ஷௌபெ அணிந்தனர். லூத்தரன் திருச்சபைக் குருமாரின் கரிய அங்கி அதிலிருந்தே வளர்ந்தது. கெய்ரோவின் ஆலிமும் விட்டன்பர்க்கின் குருவும் ஒரு சொல்லின் இரு கிளைகளை அணிந்து நின்றனர் என்றால் மிகையன்று. உருசிய மொழியிலும் இச்சொல் இருவழியாகப் புகுந்தது. மயிர்த்தோல் மேலங்கி அங்கு ‘ஷூபா’, பாவாடை ‘யூப்கா’. மாஸ்கோவின் பனிக்காலத்தில் தெருவில் செல்லும் பெண்ணொருத்தி ஒரே அரபுச் சொல்லை இருமுறை அணிந்து செல்கின்றாள்.

எனினும் மிகத் தொலைவு சென்ற கிளை இவற்றுள் எதுவுமன்று. போர்த்துக்கேயர் இச்சொல்லிலிருந்து ஆக்கிய ‘ஜிபாவ்’ என்பது ஆடவரின் இறுகிய மேற்சட்டை. 1543இல் அவர்கள் சப்பானை அடைந்தனர். அவர்களிடமிருந்து சப்பானியர் பெற்ற உடைப்பெயர்களுள் ‘ஜுபன்’ என்பது ஒன்று. இன்று அது கிமோனோவின் உள்ளே அணியும் ஆடையைக் குறிக்கும். எல்லாவற்றுக்கும் மேல் அணிவது கெய்ரோவில் ஜுப்பா. எல்லாவற்றுக்கும் உள்ளே அணிவது கியோட்டோவில் ஜுபன். சப்பானியர் அதனைச் சீன எழுத்துகளால் எழுதுகின்றமையின், அதனைப் பிறமொழிச் சொல் என்று எளிதில் ஐயுறவும் இயலாது.

கிழக்கே துருக்கியரிடம் ‘ஜுப்பெ’ மார்க்க அறிஞரின் அங்கியாய் நிலைத்தது. துருக்கிக் குடியரசு 1934இல் இயற்றிய சட்டமொன்று, எம்மதத்துக் குருவாயினும் வழிபாட்டிடங்களுக்கும் சடங்குகளுக்கும் புறத்தே சமய உடை அணிதலைத் தடுத்தது. ஆனால் பெயர் அழியவில்லை. வழக்கறிஞரும் நீதிபதியும் பேராசிரியரும் அணியும் கரிய அங்கி அங்கு இன்றும் ஜுப்பெ எனவே வழங்கும். தெருவில் விலக்கப்பட்ட உடையின் பெயர் நீதிமன்றத்தில் வீற்றிருக்கின்றது.

சூடான் நாட்டில் இச்சொல் பெற்ற பொருளோ இரங்கத்தக்கது. 1881இல் தம்மை மஹ்தி என அறிவித்த முஹம்மது அஹ்மதின் தொண்டர்கள், உலகப் பற்றைத் துறந்தமைக்கு அறிகுறியாக ஒட்டுப்போட்ட பருத்தி ஜுப்பாக்களை அணிந்தனர். அங்கு அதன் பெயர் ‘ஜிப்பா’. முதலில் அவை உண்மையாகவே கிழிந்து தைத்தவை. நாள் செல்லச்செல்ல, ஒட்டுகள் ஒழுங்குற வெட்டி, வலப்புறமும் இடப்புறமும் ஒத்தமைய, கருப்பும் நீலமும் சிவப்புமான துணிகளால் தைக்கப்பட்டன. வறுமையின் சின்னம் படையின் சீருடையாயிற்று. 1898 செப்டம்பர் 2இல் ஓம்துர்மானுக்கு அருகே கராரி வெளியில், இந்த ஜிப்பா அணிந்தோர் பல்லாயிரவர் ஆங்கிலப் படையின் இயந்திரத் துப்பாக்கிகளுக்கு இரையாயினர். வென்றோர் எடுத்துச் சென்ற ஜிப்பாக்கள் பல பிரித்தானிய அருங்காட்சியகங்களில் இன்றும் உள்ளன. சில ஆண்டுகளுக்குள் இங்கிலாந்தில் ரோடீன் பெண்கள் பள்ளியின் மாணவியர் உடைக்கு அதே பெயர் இடப்பட்டது. போர்க்களத்துச் செய்தி வாயிலாக ஒரு நாட்டார் அறிந்த சொல் அந்நாட்டுச் சிறுமியரின் பள்ளியுடைக்குப் பெயராதல், சொல்வரலாற்றில் நேரும் விந்தைகளுள் ஒன்று.

தமிழ்நாட்டிற்கு மீள்வோம். வெட்டித் தைத்த மேலாடை பழந்தமிழர்க்கு அறியாததொன்றன்று. ஆனால் அதனைப் பெரிதும் அயலாரோடு சார்த்தியே பழைய நூல்கள் கூறுகின்றன. முல்லைப்பாட்டு யவனக் காவலரை ‘மெய்ப்பை’ அணிந்தவராகக் காட்டுகின்றது; சீவக சிந்தாமணியில் ‘குப்பாயம்’ மிலேச்சனுக்கு உரியதாகின்றது. மெய் புகும் பை என்று பெயரிட்ட புலவர், உடல் புகும் புழை என்று மேலே யாம் கூறிய கருத்தை எத்துணை எளிதாக ஒரே சொல்லில் அடக்கிவிட்டார்! அரபியரும் இவ்வுடையைச் சிரியம், பாரசீகம் என்று அடைகொடுத்தே வழங்கினர் என்பதை இதனோடு வைத்து நோக்குக.

ஜுப்பா என்னும் வடிவம் இசுலாமியர் வாயிலாக, அரபுக் கல்வியோடு ஒட்டித் தமிழில் நிலைத்தது. அதனால் அதன் பொருளும் மூலத்தை விட்டு விலகவில்லை. பொதுமக்களிடையே வழங்கும் சட்டைப்பெயரோ தென்னாட்டு மொழிகள் பலவற்றிற்கும் பொது. கன்னடத்திலும் தெலுங்கிலும் மலையாளத்திலும் அது உகரத்தோடு ‘ஜுப்ப’, ‘ஜுப்பா’ என்றே ஒலிக்கின்றது. இதே சட்டையை இந்தியில் ‘குர்த்தா’ என்பர். வங்காளியர் ‘பஞ்சாபி’ என்பர். ஆகவே சட்டை வடக்கிலிருந்து வந்திருப்பினும், பெயர் அதனோடு வரவில்லை என்பது தெளிவு. தளர்ந்து நீண்ட கையுடைய அப்புதிய சட்டையைக் கண்ட தென்னாட்டார், தாம் முன்னரே அறிந்திருந்த ஓர் அங்கியின் பெயரை அதற்கு இட்டனர் என்று கொள்வதே பொருத்தமாகத் தோன்றுகின்றது.

தமிழில் மட்டும் உகரம் இகரமானது ஏன்? எகிப்திலும் சூடானிலும் இகரம் உண்டென்பது மேலே கூறப்பட்டது. அதனை நோக்கித் தமிழ் வடிவம் அங்கிருந்து வந்தது எனல் பொருந்தாது. அவ்வாறாயின் நம் அண்டை மொழிகளிலும் இகரமே இருத்தல் வேண்டும். ஜகரம் இடையண்ணத்தில் பிறக்கும் ஒலி. அடுத்துவரும் உயிரை இகரத்தின் பக்கம் இழுப்பது அதன் இயல்பு. ‘ஜலேபி’ என்பதை நாம் ‘ஜிலேபி’ ஆக்கியமையும் இவ்வியல்பினாலேயே. அவ்வின்பண்டத்தின் பெயரும் ‘ஸலாபியா’ என்னும் அரபுச் சொல்லோடு தொடர்புடையது என்பது ஈண்டு நினைக்கத்தக்கது. எழுத்தைப் பொறுத்தவரை, இரட்டித்த பகரத்தை நாம் வல்லெழுத்தாக எழுதினும் மெல்லோசையோடு பேசுகின்றோம். அரபு ஒலி பேச்சில் பிழைத்திருக்கின்றது, எழுத்தில் மறைந்திருக்கின்றது.

அகராதி தொகுப்போர் இவ்விரு வடிவங்களையும் அகரவரிசைப்படி இருவேறிடங்களில் வைத்து, ஒன்றற்கு ‘முஸ்லிம் குருமார் அங்கி’ என்றும் மற்றொன்றற்கு ‘ஒருவகைச் சட்டை’ என்றும் பொருளெழுதி விடுவாராயின், ஆராய்வோர் ஒன்றிலிருந்து மற்றொன்றிற்குச் செல்ல வழியில்லை. ஜுப்பா என்பதைத் தலைச்சொல்லாகக் கொண்டு, வெட்டுதற் பொருளுடைய அரபு வேரையும் சுட்டி, அதன்கீழ் அங்கியை முதற்பொருளாகவும் சட்டையை வழக்குப்பொருளாகவும் தருதல் வேண்டும். ‘ஜிப்பா’ என்னுமிடத்தில் ‘ஜுப்பா காண்க’ என்று ஒரு குறிப்பு இருந்தால் போதும். முன்புறம் முழுதும் திறந்திருப்பது ஜுப்பா, மார்பளவே திறந்து தலைவழி மாட்டுவது ஜிப்பா என்னும் தையல் வேறுபாட்டையும் அங்கேயே குறித்தல் நலம். பெயர் தோன்றிய காலத்தில் அதற்குக் காரணமாய் இருந்தது தையற்காரன் வெட்டிய அந்த வெட்டே அன்றோ?